சலவைத் தொட்டியில் தெறித்த தண்ணீர்



அக்டோபர் 1ஆம் நாள் நம் திருஅவை குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் விழாவைக் கொண்டாடுகிறது. கையில் பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் அவருடைய படம் இல்லாத கத்தோலிக்க வீடு நம்மிடையே குறைவு. சிறுமலர் என்ற பெயரில் பள்ளிகளும் கெபிகளும் எத்தனையோ உண்டு. ஆனால் அவர் வாழ்ந்த காலத்தில், அவரோடு ஒரே கூரையின்கீழ் இருந்தவர்களில் சிலருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

1897ஆம் ஆண்டின் கோடைக்காலம். பிரான்சு நாட்டில் லிசியு நகரத்துக் கார்மேல் மடத்தில் தெரேசா காசநோயால் இறந்துகொண்டிருக்கிறார். வயது 24. கார்மேல் மடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சகோதரி இறந்தால், அவருடைய வாழ்வைச் சுருக்கமாக எழுதி மற்ற மடங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்புவார்கள். நோயறையில் படுத்திருந்த தெரேசாவின் காதில், வெளியே ஒரு சகோதரி பேசுவது விழுந்தது. இவர் சீக்கிரம் இறந்துவிடுவார், இவரைப் பற்றி நம் தலைவி என்னதான் எழுதப்போகிறாரோ, சொல்லும்படி ஒன்றும் செய்யவில்லையே என்ற பொருளில் அந்தப் பேச்சு இருந்தது.

ஒரு கணக்கில் அந்தச் சகோதரி சொன்னது சரிதான். தெரேசா மருத்துவமனை கட்டவில்லை. மறையுரை ஆற்றவில்லை. 15 வயதில், 1888 ஏப்ரல் 9 அன்று மடத்துக்குள் போனவர், 1897 செப்டம்பர் 30 அன்று அங்கேயே இறந்தார். இடையில் அவர் செய்தவை பெருக்குவது, துணி துவைப்பது, பீடத் துணிகளைக் கவனிப்பது, நவதுறவியருக்கு உதவுவது. சுற்றறிக்கைக்குப் பதிலாக அவருடைய குறிப்பேடுகளையே தொகுத்து, மறு ஆண்டு 1898இல் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’ என்ற நூலாக 2000 பிரதிகள் அச்சிட்டார்கள். 1925இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருஅவையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். இவையெல்லாம் நமக்குத் தெரிந்த செய்திகள். அந்த மடத்துக்குள் அன்றாடம் என்ன நடந்தது என்பதைத்தான் இன்று சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். நம் வீடுகளில் நடப்பதற்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

இருபதுக்குச் சற்று மேற்பட்ட பெண்கள். வெளியே போகும் வழக்கமில்லை. ஆண்டுக்கணக்கில் அதே முகங்கள், அதே குரல்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் செருப்பை இழுத்து நடக்கும் சத்தம்கூட ஒரு நாள் தாங்க முடியாததாகிவிடும். தெரேசாவுக்கும் அப்படித்தான் ஆனது. மாலைச் செபத்தில் அவருக்கு அருகே அமர்ந்திருந்த ஒரு சகோதரி, அமர்ந்தவுடன் ஏதோ ஒரு விசித்திரமான சிறு ஒலி எழுப்பத் தொடங்குவாராம். மற்றவர்களுக்குக் கேட்காது. தெரேசாவின் காது மட்டும் கூர்மை. திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், அந்தச் சகோதரி நிறுத்திவிடுவார். அதைச் செய்யாமல் இருப்பதற்குள் தமக்கு வியர்த்துக் கொட்டியது என்று தெரேசா எழுதியிருக்கிறார். கடைசியில், அந்த ஒலியைக் கேட்காமலிருக்க முயல்வதை விட்டுவிட்டு, அதை ஓர் இனிய இசை நிகழ்ச்சியைக் கேட்பதுபோல உற்றுக்கேட்டு, அதையே இயேசுவுக்குக் காணிக்கையாக்கினாராம். அன்றைய செபம் முழுவதும் அவ்வளவுதான்.

திருப்பலியில் எழுந்தேற்றத்தின்போது ஒரு கைப்பேசி ஒலிக்கிறது. பின்வரிசையில் ஒரு குழந்தை விடாமல் அழுகிறது. பாடகர் குழுவில் ஒருவர் மட்டும் எப்போதும் அரை மாத்திரை பிந்தியே பாடுகிறார். நம் தலைகள் எப்படித் திரும்புகின்றன என்று எண்ணிப் பார்ப்போம். பீடத்தில் நிற்கும் நாங்களும் விதிவிலக்கல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒலிபெருக்கி கரகரக்கும்போது பீடச் சிறுவனைப் பார்க்கும் எங்கள் பார்வையை அந்தச் சிறுவன் வளர்ந்த பிறகும் மறப்பதில்லை.

சலவைத் தொட்டி நிகழ்ச்சியும் அதே குறிப்பேட்டில் இருக்கிறது. கைக்குட்டைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே இருந்த சகோதரி துணியைத் தூக்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் அழுக்குத் தண்ணீர் தெரேசாவின் முகத்தில் தெறிக்கிறது. பின்னால் நகர்ந்து, முகத்தைத் துடைத்து, ‘கொஞ்சம் பார்த்து அடியுங்கள்’ என்பதைச் சொல்லாமல் சொல்லலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. நம் எல்லாருக்கும் தெரிந்த முறைதான் இது. வாயால் ஒன்றும் சொல்லாமல், பாத்திரத்தை ‘ணங்’ என்று வைப்பது. தெரேசா அதைச் செய்யவில்லை. இலவசமாகக் கிடைக்கும் செல்வத்தை ஏன் மறுக்க வேண்டும் என்று எண்ணி, அந்த இடத்திலேயே நின்றார்.

இதைக் கேட்கும் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அழுக்குத் தண்ணீர் முகத்தில் படுவதற்கும் விண்ணரசுக்கும் என்ன தொடர்பு? மிகச் சிறியவற்றில் உண்மையாயிருப்பவரே பெரியவற்றிலும் உண்மையாயிருப்பார் என்ற கருத்தை ஆண்டவர் லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். நாம் அதைப் பணம், பொறுப்பு, பதவி இவற்றோடு மட்டும் இணைத்துக் கேட்டுப் பழகிவிட்டோம். தெரேசா அதைத் துவைக்கும் துணியோடு இணைத்துக் கேட்டார். சிலுவையில் அறையப்படும் நாள் நம்மில் பலருக்கு வரப்போவதில்லை. தண்ணீர் தெறிக்கும் நாள் நாளைக் காலையிலேயே வரும்.

அவர் பிறக்கும்போதே இப்படிப் பொறுமைசாலியாக இருந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். தெரேசாவின் தாய் செலி, அலென்சோன் நகரில் பின்னல் வேலை செய்து வந்தவர். மார்பகப் புற்றுநோயால் 1877இல் இறந்தபோது தெரேசாவுக்கு நாலரை வயது. அதிலிருந்து சுமார் பத்தாண்டுகள் அவர் தொட்டதற்கெல்லாம் அழும் பிள்ளையாக இருந்தார். யாராவது வருத்தப்பட்டால் அழுவார். பிறகு, அழுதுவிட்டோமே என்று அழுவார். அவரே எழுதியிருப்பது இது.

1886ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவு. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்புகிறார்கள். அந்நாட்டு வழக்கப்படி கணப்பருகே வைத்த காலணிகளுக்குள் பரிசுப் பொருள்கள் இருக்கும். கடைக்குட்டி தெரேசாவுக்கு வயது பதினான்கு ஆகப்போகிறது. இன்னமும் இந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. களைத்துப்போயிருந்த தந்தை லூயி, நல்லவேளை, இதுதான் கடைசி வருடம் என்ற பொருளில் சலித்துக்கொண்டார். படியேறிக்கொண்டிருந்த தெரேசாவின் காதில் அது விழுந்தது. அக்கா செலின் ஓடிவந்து, இப்போது கீழே போகாதே, அழுதுவிடுவாய் என்று தடுத்தார். தெரேசா கண்ணீரை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினார். சிரித்த முகத்தோடு ஒவ்வொரு பரிசாக எடுத்துத் தந்தைக்குக் காட்டினார். தந்தையும் சிரித்துவிட்டார்.

தம் மனமாற்றம் என்று தெரேசா குறிப்பிடுவது இந்த நிகழ்ச்சியைத்தான். காட்சி இல்லை, வானத்துக் குரல் இல்லை. களைத்துப்போன ஒரு தந்தையின் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தையை, அவர் களைப்பில் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ள அந்தப் பெண்ணால் முடிந்தது. பத்தாண்டுகள் தம்மால் முடியாததை இயேசு ஒரே நொடியில் முடித்துவைத்தார் என்பது அவருடைய விளக்கம். நமக்கு ஒன்று இங்கே கவனிக்கத் தக்கது. அருள் அவரை அந்தக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுபோகவில்லை, அதே படிக்கட்டில் கீழே இறங்கவைத்தது.

நம் குடும்பங்களில் ஒற்றை வார்த்தைக்காக எத்தனை ஆண்டுகள் பேசாமல் இருக்கிறோம்! திருமண வீட்டில் அண்ணன் சொன்ன ஒரு சொல். தாயின் அடக்க நாளன்று தங்கை கேட்ட ஒரு கேள்வி. யார் முதலில் சொன்னார், எந்தப் பொருளில் சொன்னார் என்பதெல்லாம் மறந்துபோய்விடும். வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்புவது மட்டும் மறப்பதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் வீடுகளை நாம் ஒவ்வொரு வாரமும் நோயில்பூசுதலுக்கும் நற்கருணைக்கும் சென்று காண்கிறோம்.

மடத்தில் முதிய சகோதரி ஒருவர் இருந்தார். நடக்க முடியாதவர். மாலைச் செபத்தின் நடுவில், ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒருவர் எழுந்து அவரை உணவறைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். அவரைத் திருப்திப்படுத்துவது யாராலும் ஆகாத காரியம் என்று எல்லாருக்கும் தெரியும். நவதுறவியாக இருந்த தெரேசா அந்த வேலையைத் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். விருப்பத்தோடு கேட்கவில்லை, தயங்கித் தயங்கித்தான் கேட்டேன் என்று எழுதுகிறார். நேரம் ஆனதும் அந்த முதியவர் தம் மணற்கடிகாரத்தை ஆட்டுவார். புறப்படு என்று பொருள். முக்காலியை ஒரு குறிப்பிட்ட விதமாக நகர்த்த வேண்டும். பின்னாலிருந்து இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டு நடத்த வேண்டும். கால் சற்று இடறினால், சரியாகப் பிடிக்கவில்லை, விழப்போகிறேன் என்பார். மெதுவாக நடந்தால், கையைக் காணோமே, விட்டுவிட்டாயா என்பார். நீ மிகவும் சிறுபெண், உன்னால் ஆகாது என்று நான் சொல்லவில்லையா என்ற பேச்சும் கூடவே. உணவறைக்குப் போனதும் உட்காரவைத்து, சட்டைக் கையை மடித்துவிட வேண்டும். அதையும் அவர் சொல்லும் விதமாகவே மடிக்க வேண்டும்.

அதோடு வேலை முடிந்தது. தெரேசா போய்விடலாம். ஆனால் ஒரு நாள், முடங்கிப்போன கைகளால் அந்தச் சகோதரி ரொட்டியைத் துண்டாக்கச் சிரமப்படுவதைக் கவனித்தார். அன்றுமுதல் ரொட்டியையும் வெட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடுதான் அங்கிருந்து நகர்வார். அந்த முதியவரின் மனத்தை வென்றது அதுதான் என்று பிறகு தெரேசாவுக்குத் தெரியவந்தது. நடத்திக்கொண்டு வந்தது கடமை. ரொட்டி வெட்டுவதை யாரும் கேட்கவில்லை.

படுக்கையில் இருக்கும் தாய்க்கு மூன்று வேளையும் சோறு ஊட்டும் மகளுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. இரவில் நாலு முறை கூப்பிடுவார்கள். போய்க் கேட்டால், கூப்பிடவே இல்லை என்பார்கள். சோறு கொடுத்த அரை மணி நேரத்தில், வந்து பார்க்கும் உறவினரிடம், காலையிலிருந்து பட்டினி என்பார்கள். அந்த உறவினரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். மகளுக்குக் கோபம் வரும். ஒரு நாள் கத்திவிடுவார். பிறகு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து அழுவார். அப்படி அழுபவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: கோபம் வந்தது உங்கள் அன்பு போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. தெரேசாவின் குறிப்பேட்டைத் திறந்தால், எரிச்சல் இல்லாத ஒரு மனம் அங்கே கிடைக்காது. எரிச்சல் இருக்கும்போதே கை ரொட்டியை வெட்டுகிறது. உணர்ச்சி நல்லதாகட்டும், பிறகு நல்லது செய்கிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. கூடவே, ஒருவர் மட்டும் இராக்கண் விழிக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பழம் கொடுத்துவிட்டுப் போகும் மற்றப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. பழம் போதாது. ஓர் இரவு வந்து தங்குங்கள்.

மடத்தில் இன்னொரு சகோதரி இருந்தார். அவருடைய நடை, பேச்சு, குணம் எல்லாமே தெரேசாவுக்குப் பிடிக்காது. அவர் பெயரைத் தெரேசா எழுதவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். இயன்ற உதவிகளைச் செய்தார். கடுமையாகப் பதில் சொல்லத் தோன்றும்போது புன்னகை செய்தார். ஒரு நாள் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் அப்படி என்னதான் கண்டீர்கள், எப்போதும் சிரிக்கிறீர்களே என்று கேட்டாராம்! ஆனால் இதில் நாம் வழக்கமாக விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. சில நாள்களில் தெரேசாவால் புன்னகை செய்யவும் முடியவில்லை. அப்போது என்ன செய்தார்? போரிலிருந்து தப்பியோடும் படைவீரனைப்போல ஓடிவிட்டார். அவரே வெட்கமின்றி எழுதுகிறார். பேச்சு முற்றும் என்று தெரியும்போது அறையைவிட்டு எழுந்து போவது, அடுப்படிக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது, வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவருவது, இவையும் புனிதர் ஒருவர் கையாண்ட வழிதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் போனால் இந்த மறையுரையே தீங்காகிவிடும். தண்ணீர் தெறிப்பது வேறு, அடி விழுவது வேறு. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கும் கணவன் இருக்கும் வீட்டில், பொறுத்துக்கொள்ளம்மா, உன் சிலுவை என்று சொல்லியனுப்பிய அருள்பணியாளர்களும் பெரியவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். அது நற்செய்தி அல்ல. தெரேசா ஏற்றுக்கொண்டவை, தம்மோடு வாழ்பவர்களின் வயோதிகம், பழக்கம், கவனக்குறைவு ஆகியவற்றால் வந்த சிறு தொல்லைகள். தாமாகவே, விடுதலை உள்ள மனத்தோடு அவர் அவற்றை ஏற்றார். அச்சத்தால் வாய்மூடிக் கிடப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. அடிபடுகிறவர்கள் வெளியே வந்து சொல்ல வேண்டும். பங்கில் சொல்லலாம், பிறந்த வீட்டில் சொல்லலாம், காவல் நிலையத்தில் சொல்லலாம். பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது. அவர்கள் சொல்லும்போது நம்புவது கேட்பவர்களுடைய கடமை.

செபத்தைப் பற்றியும் சிறிது. குடும்பச் செபமாலையில் மூன்றாம் மறையுண்மைக்குள் தலை சாய்ந்துவிடுகிறதே என்று வருந்துபவர்களுக்குத் தெரேசா நல்ல துணை. தியான நேரத்தில் தூங்கிவிடுவது பல ஆண்டுகளாகத் தமக்கு வழக்கம் என்று அவர் ஒளிக்காமல் சொல்கிறார். இதற்காக வருந்த வேண்டும்தான், ஆனால் வருந்தவில்லை என்கிறார். விழித்திருக்கும் குழந்தையைப்போலவே தூங்கும் குழந்தையையும் பெற்றோர் நேசிக்கிறார்கள் அல்லவா என்பது அவருடைய எண்ணம். (இதைப் பிள்ளைகள் கேட்காமல் இருந்தால் நல்லது.)

ஆனால் தூக்கத்தைவிடக் கடினமான ஒன்றும் அவருக்கு வந்தது. 1896இல் புனித வியாழன் இரவில் முதன்முறை இரத்தம் கக்கினார். அந்தப் பாஸ்கா காலத்திலேயே அவர் உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. சாகும்வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அப்படியே இருந்தார். நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். நாம் மேலே சொன்ன சலவைத் தொட்டி, மணற்கடிகாரம், விசித்திர ஒலி ஆகிய நிகழ்ச்சிகளை அவர் எழுதியது இந்த இருளின் நடுவில்தான், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1897 ஜூன் மாதத்தில். தந்தை பயன்படுத்திய சக்கர நாற்காலியில் தோட்டத்தில் அமர்ந்து எழுதினார். கடந்துபோகிற ஒவ்வொரு சகோதரியும் நின்று ஏதாவது பேசிவிட்டுப் போவார்கள். பத்து வரி தொடர்ந்து எழுத விடவில்லை என்று நகைச்சுவையாகக் குறிப்பிடுகிறார். பிறரன்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையூறு வருகிறது. எழுதுகோலை வைத்துவிட்டு நிமிர்ந்து பேச வேண்டியிருக்கிறது. கடைசிப் பக்கங்களில் பேனா பிடிக்கவும் வலுவில்லாமல் பென்சிலால் எழுதினார்.

திருத்தந்தை பிரான்சிஸ், தூய்மை வாழ்வுக்கான அழைப்பு பற்றி 2018இல் வெளியிட்ட அறிவுரை மடலில், சந்தைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அண்டை வீட்டுக்காரியிடம் பேசும்போது புறணி வருகிறது. யாரையும் பற்றித் தவறாகப் பேசமாட்டேன் என்று அவள் தனக்குள் தீர்மானிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் பிள்ளை ஏதோ சொல்ல விரும்புகிறது. களைப்பாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்கிறாள். நம் தெருக்குழாயடியிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிற்கும் பெண்தான் இவள். நம் ஆண்கள் கவனிக்கட்டும்: தேநீர்க் கடையிலும் இதே சோதனை உண்டு.

ஆண்டவர் மலைப்பொழிவில், நம்மை நேசிப்பவர்களையே நேசித்து, நம் ஆள்களுக்கு மட்டுமே வணக்கம் சொல்வதில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்று உணர்த்துகிறார் (மத் 5:46-47). நம் ஆண்டவர் பகைவரை அன்பு செய்யச் சொன்ன இடத்தில், அதன் விளக்கமாக ‘வணக்கம் சொல்வது’ என்ற இவ்வளவு சிறிய செயலை ஏன் எடுத்தார்? நமக்குப் பகைவர் என்று சொல்லத்தக்கவர் அநேகமாக இல்லை. வணக்கம் சொல்லாதவர்கள்தான் இருக்கிறார்கள். அதே கோவிலில், அதே திருப்பலியில், சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில், இடப்பக்கம் திரும்பிக் கைகுவித்துவிட்டு வலப்பக்கம் திரும்பாமல் விடுகிறோம்.

அக்டோபர் மாதம் முழுவதும் நம் அன்பியங்களில் வீடு வீடாகச் செபமாலை நடைபெறும். எந்த வீட்டில் முறை வரும்போது நமக்குத் தலைவலி வருகிறது, வெளியூர் வேலை வந்துவிடுகிறது என்பது நமக்கே தெரியும். அறிவிப்புப் பலகையில் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. இன்று கோவிலைவிட்டுப் போகும்போது அந்த வீட்டின் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். போகும்போது அவர்கள் நம்மை உள்ளே வாருங்கள் என்று கூப்பிடாமலும் இருக்கலாம். பின்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார இடம் இருக்கும்.